வெட்டுக்குப் பிறகு

சண்டைக் கதை என்றால் நம்மில் பலருக்கு உள்ளூர ஒரு சபலம் உண்டு. சாத்விகத்தின் மேன்மையைப் பற்றி மேடையில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கூட, நாவலில் கதாநாயகன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனால் தாம் பொறுமை இழந்துவிடுகிறார். "இன்னும் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறான் இவன்?" என்று பக்கங்களைப் புரட்டுகிறார். கடைசியில் அவன் கையை ஓங்கியதும் நிம்மதியாக மூச்சு விடுகிறார். இதில் குற்றம் ஒன்றும் இல்லை. அநியாயம் செய்தவன் அடிபட வேண்டும் என்று நினைப்பது மனித சுபாவந்தான். ஆனால் அந்த மூச்சோடு கதை முடிந்துவிட்டால் அது வெறும் சண்டைக் கதை. அதற்கு மேலும் நம்மை உட்கார்த்தி வைத்து, "சரி, அடித்தாயிற்று, இனி என்ன?" என்று கேட்கிற கதைதான் இலக்கியத்தின் பக்கம் வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கேள்வியைக் கேட்கிற மூன்று நாவல்களைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். ஒன்று எங்கள் கொங்கு நாட்டுக் கதை. ஒன்று கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக் கதை. மூன்றாவது, கடல் கடந்து அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி எழுதியது. மூன்றிலும் ஒரு கொலை உண்டு. ஆனால் அந்தக் கொலை புத்தகத்தில் எந்த இடத்தில் வருகிறது என்பதில் மூன்றும் வேறுபடுகின்றன. ஒன்றில் கடைசியில் வருகிறது. ஒன்றில் ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. ஒன்றில் கதை பாதிக்கு வருமுன் வருகிறது. இந்த இடத்தைக் கவனித்தாலே ஆசிரியர் எதன்மீது நம் கண்ணைத் திருப்புகிறார் என்பது விளங்கிவிடும்.

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வெளிவந்தது. தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் 1917-இல் பிறந்தவர் அவர். இருபத்தைந்து வயதை ஒட்டி இப்படி ஒரு நாவலை எழுதினார் என்பது இன்று நினைத்தாலும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. கொங்குக் குடியானவர்களின் பேச்சை அப்படியே நாவலில் உட்கார வைத்தவர்களில் அவர் முன்னோடி. கதை சிறியது. கணவனை இழந்த நாகம்மாள், தன் சின்னப் பெண்ணோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் கூட்டாக இருக்கிறாள். ஊரில் யாருக்கும் அடங்காத கெட்டியப்பனோடு அவளுக்குப் பழக்கம். அவனும் ஊர்ப் பெரிய மனிதர் சிலரும் தூபம் போட, 'என் பங்கைப் பிரித்துக் கொடு' என்ற பேச்சு கிளம்புகிறது. பேச்சு வளர்ந்து வீம்பாகி, வீம்பு பகையாகி, கடைசியில் சின்னப்பன் கெட்டியப்பன் கையால் சாகிறான். அத்தோடு நாவலும் முடிந்துவிடுகிறது.

முடிவு சட்டென்று வந்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கொலைக்கு முந்திய அத்தனை பக்கங்களிலும் ஆசிரியர் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்கிறார். ஒரு வார்த்தை எப்படி இன்னொரு வார்த்தையைப் பிரசவிக்கிறது என்பதைக் காட்டுகிறார். இவர்களில் ஒருவரும் பிறவிக் கொலைகாரர் அல்லர். அவளுக்கு வேண்டியது நிலம்; அவனுக்கு வேண்டியதும் நிலம். இருவருக்கும் நடுவே நிற்கிறவர்களுக்கு வேண்டியது வேடிக்கை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பங்கு கேட்டவளுக்கும் கொடுக்க மறுத்தவனுக்கும் தான் போயிற்று. நிலத்தைப் பிரிக்க வேண்டுமானால் பிரித்துக் கொடுக்கிறவன் உயிரோடு இருக்க வேண்டாமா? பங்குக்காக ஆரம்பித்த சண்டை, பங்கு கொடுக்க வேண்டியவனையே இல்லாமல் செய்துவிடுகிறது. ஆசிரியர் இதை ஒரு வாக்கியத்தில்கூட எடுத்துச் சொல்வதில்லை. சொல்லாமலே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

கொங்கு நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது கற்பனையாகவே படாது. இங்கே சண்டைக்கு வரப்பு போதும், வண்டித்தடம் போதும், பொதுக்கிணற்றில் முறைத் தண்ணீர் போதும். பங்காளிகள் இருவர் ஒரு கிணற்றை முறை வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் முறை தப்பியது என்று அரிவாள் எழுந்தது. ஒருவருக்கு ஒரு கை போயிற்று. மற்றவர் ஜெயிலுக்குப் போனார். பல வருஷங்களுக்குப் பிறகு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "இப்போது அந்தக் கிணறு யாரிடம் இருக்கிறது?" என்று விசாரித்தேன். "கெணறு வத்திப் போச்சுங்க. சுத்தியும் ஆயிரம் அடிக்கு போர் போட்டு உறிஞ்சிட்டாங்க. அவங்க வழக்குத்தானுங்க இன்னும் ஊறிக்கிட்டே இருக்குது" என்றார். அவர் நாவல் படிக்கிறவர் அல்லர். ஆனாலும் ஷண்முகசுந்தரம் எதைச் சொன்னாரோ அதையேதான் அவரும் சொன்னார்.

'நாகம்மாள்' பெரியவர்களின் கதை. இரத்தம் சிந்துகிறவன் சிறுவனாக இருந்தால் என்ன ஆகும்? அதைத்தான் பூமணி 'வெக்கை'யில் எழுதினார். 1982-இல் வெளிவந்த நாவல் அது. பின்னாளில் 2014-இல் 'அஞ்ஞாடி'க்காக அவருக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு கிடைத்தது. அது பெரிய புத்தகம், பெரிய சாதனை. எனினும் என் மனத்தில் ஆழமாகத் தைத்தது கையடக்கமான இந்த 'வெக்கை'தான்.

சிதம்பரம் பதினைந்து வயதுப் பையன். அவன் அண்ணனை வடக்கூரான் என்ற பணக்காரன் கொன்றுவிட்டான். காரணம், நிலம். இவர்கள் கையில் இருந்த நிலத்தின்மீது அவன் கண் வைத்தான். இவர்கள் விட்டுக் கொடுக்கவில்லை. அண்ணன் சாவுக்கு நியாயம் கிடைக்கவில்லை. பையன் அரிவாளைத் தீட்டிக்கொண்டு, தானே செய்த குண்டுகளையும் எடுத்துக்கொண்டு, கடைவீதிக்குப் போகிறான். வடக்கூரானின் கையைத் துண்டிக்க வேண்டும் என்பதுதான் அவன் உத்தேசம். வெட்டு கையோடு நிற்கவில்லை, விலாவில் இறங்கிவிடுகிறது. ஆள் செத்துப் போகிறான்.

இவ்வளவும் நாவலின் தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. வேறொருவராக இருந்தால் இந்த வெட்டை நோக்கி முந்நூறு பக்கம் கதையை நடத்திக்கொண்டு வந்து, அங்கே திரையைப் போட்டிருப்பார். பூமணி அங்கேதான் திரையைத் தூக்குகிறார். அந்தச் சிறுவனும் அவன் தந்தையும் ஊரை விட்டு ஓடி, எட்டு நாட்கள் காட்டிலும் கரட்டிலும் ஓடைகளிலும் ஒளிந்து திரிகிறார்கள். தாயும் தங்கையும் வேறு பக்கம் போய்விட்டார்கள். வீடு போயிற்று, வெள்ளாமை போயிற்று, எந்த நிலத்துக்காக அண்ணன் செத்தானோ அந்த நிலத்தில் கால் வைக்க முடியாது.

அந்த எட்டு நாட்களில் அவர்கள் என்ன செய்கிறார்கள்? சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், தண்ணீர் தேடுகிறார்கள், படுக்க இடம் பார்க்கிறார்கள். அப்பன் பழைய நாட்களின் பகைகளைப் பற்றிப் பேசுகிறார். பையன் கேட்டுக்கொண்டே வருகிறான். கொலைக்கு ஒரு சில கணங்கள். கொலை செய்தவன் பசியாற எட்டு நாட்கள். இந்த விகிதாசாரத்தில்தான் நாவலின் முழு அர்த்தமும் அடங்கியிருக்கிறது என்பேன். பதினைந்து வயதில் ஒருவன் செய்ய முடிகிற மிகப் பெரிய காரியத்தைச் செய்துவிட்டான். செய்த பிறகு பார்த்தால், முன்போலவே பசிக்கிறது; தூக்கம் வருகிறது; அம்மாவின் நினைவு வருகிறது. வெட்டினால் ஆண்பிள்ளை ஆகிவிடலாம் என்று நினைத்த சிறுவன், வெட்டிய பிறகு முன்னைவிடச் சிறுவனாகி, அப்பன் நிழலிலேயே நடக்கிறான். அவன் ஆளாவது அரிவாளை எடுத்த நாளில் அன்று; எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம், எந்த இடத்தில் கண் அயரலாம், வீட்டை விட்டு எத்தனை தூரம் வந்துவிட்டோம் என்றெல்லாம் தெரிந்துகொள்கிற இந்த எட்டு நாட்களில்தான்.

இங்கே ஒரு விஷயத்தைப் பேசாமல் விடக்கூடாது. மத்தியதர வர்க்கத்து வாசகர்களான நாம் இந்தக் கதையைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, பழிக்குப் பழி கூடாது" என்று சொல்லிப் புத்தகத்தை மூடுவது வெகு சுலபம். நம் நிலத்தை யாரும் பறிக்க வரவில்லை. வந்தால் வக்கீல் வீட்டுக்கு வழி நமக்குத் தெரியும். சிதம்பரத்துக்கு அந்த வழி கிடையாது. சாதிகளின் பெயரைச் சொல்லாமலே எழுதியிருக்கிறார் பூமணி. ஆனாலும் யார் மேலே, யார் கீழே என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. கீழே இருக்கிறவனுக்கு அகிம்சை உபதேசம் செய்வது, பட்டினி கிடப்பவனுக்கு ஏகாதசி மகிமையைச் சொல்வது போன்றது. இதை ஆசிரியர் நன்றாக உணர்ந்திருக்கிறார். ஆகவே 'வெட்டியிருக்கக் கூடாது' என்று அவர் எங்கும் சொல்வதில்லை. பையன் பக்கம் இருக்கிற நியாயம் முழுவதையும் அவனுக்கே விட்டுவிடுகிறார். அத்தனை நியாயம் இருந்தும் வெட்டு எதையும் மீட்டுத் தரவில்லை. அண்ணன் வரவில்லை, நிலம் நிற்கவில்லை. முடிவில் அப்பனும் மகனும் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகிறார்கள். எந்த நியாயஸ்தலம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லையோ அதன் வாசலுக்கே அவர்கள் போக வேண்டியிருக்கிறது. வன்முறை வீண் என்ற உண்மையைக் கெட்டவனை வைத்து நிரூபிப்பது பெரிய காரியம் அன்று. நியாயம் உள்ளவனை வைத்து நிரூபிப்பதுதான் கஷ்டம். பூமணி அதைச் செய்திருக்கிறார்.

இந்த நாவலை வைத்து வெற்றிமாறன் 2019-இல் 'அசுரன்' என்ற படத்தை எடுத்தார். தனுஷுக்கு அதில் தேசிய விருது கிடைத்தது. நல்ல படம், உழைத்து எடுத்த படம். ஆனால் படத்துக்கும் நாவலுக்கும் உள்ள வித்தியாசம் நம் விஷயத்துக்கு மிகவும் உபயோகமானது. படத்தில் அடங்கிக் கிடந்த அப்பன் ஒரு கட்டத்தில் சீறி எழுந்து சண்டை போடுகிறார். கொட்டகையில் விசில் பறக்கிறது. பிறகு கடைசியில், படிப்பை மட்டும் யாரும் பறிக்க முடியாது என்று மகனுக்குப் புத்தி சொல்கிறார். புத்திமதி நல்லதுதான். இருந்தாலும் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது புத்திமதியையா, அந்தச் சீற்றத்தையா? நாவல் அந்த விசிலுக்கு இடமே கொடுப்பதில்லை. வாசகர் மூச்சு விட வேண்டிய இடத்தை முதலிலேயே கடத்திவிட்டு, மீதிப் புத்தகம் பூராவும் மூச்சுத் திணறத் திணற நம்மை நடக்க வைக்கிறது.

கரிசல் காட்டிலிருந்து நேராக அமெரிக்காவுக்குத் தாவுவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் கொலை செய்துவிட்டு ஒளிந்துகொள்கிற சிறுவர்களின் கதை அங்கேயும் உண்டு. எஸ். இ. ஹிண்டன் எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-இல் வெளிவந்தபோது ஆசிரியைக்கு வயது பதினெட்டு. பெரும் பகுதியை எழுதியது பதினாறு வயதில். பையன்களின் சண்டையைப் பற்றி ஒரு பெண் எழுதினாள் என்றால் மதிப்புரைக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சி, பதிப்பகத்தார் தலைப்பெழுத்துக்களை மட்டும் போட்டார்கள். ஆசிரியையின் ஊர் ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குள் இரண்டு கட்சிகள். தலைக்கு எண்ணெய் பூசி முடியை வளர்த்துக்கொண்டு திரிகிற ஏழைப் பையன்கள் கிரீஸர்கள். கார் வைத்திருக்கிற வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஸோஷ்கள். நம் ஊரில் மேற்கு வளவுக்காரனும் கிழக்கு வளவுக்காரனும் முறைத்துக்கொள்வதற்கு என்ன காரணம் உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு காரணம்தான் அங்கேயும்.

கதை சொல்கிறவன் போனிபாய், பதினான்கு வயது, தாய் தகப்பன் இல்லாதவன், அண்ணன்மார் இருவர் வளர்க்கிறார்கள். ஒரு நள்ளிரவில் பூங்காவில் ஸோஷ்கள் அவனைப் பிடித்து நீரூற்றுத் தொட்டியில் அமுக்குகிறார்கள். அவனைக் காப்பாற்ற அவன் நண்பன் ஜானி கத்தியை எடுக்கிறான். ஒரு பையன் செத்து விழுகிறான். இருவரும் ஓடிப்போய் மலைமீது ஒரு பாழடைந்த மாதாகோவிலில் ஒளிந்துகொள்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடாது என்று தங்கள் பெருமையான அந்த முடியை வெட்டிக்கொள்கிறார்கள். பொழுது போகாமல் 'கான் வித் தி விண்ட்' நாவலை உரக்கப் படிக்கிறார்கள். விடிகாலை வானத்தைப் பார்த்து ராபர்ட் ஃப்ராஸ்டின் கவிதை ஒன்றை நினைவுகூர்கிறார்கள். எந்த முடிக்காக 'நாங்கள் வேறு, நீங்கள் வேறு' என்று அடித்துக்கொண்டார்களோ, அது தரையில் உதிர்ந்து கிடக்கிறது. கட்சியின் அடையாளம் போனபின் மிஞ்சியவர்கள் பயந்துபோன இரண்டு குழந்தைகள்தான். 'வெக்கை'யின் எட்டு நாட்களுக்கு நெருங்கிய உறவு இந்த மாதாகோவில் நாட்கள்.

இந்த நாவலில் குறைகள் இல்லாமல் இல்லை. மாதாகோவில் தீப்பற்றுவதும், உள்ளே அகப்பட்ட குழந்தைகளை இவர்களே காப்பாற்றுவதும், கொலைக்குப் பரிகாரம் தேடிக் கொடுக்க ஆசிரியை செய்த ஏற்பாடாகவே தோன்றுகிறது. பூமணி அப்படிப்பட்ட பரிகாரம் எதையும் தம் பையனுக்குக் கொடுக்கவில்லை. அந்த வகையில் அவர் கண்டிப்பானவர். ஆனால் ஓர் இடத்தில் ஹிண்டன் எந்த முதிர்ந்த நாவலாசிரியருக்கும் சளைத்தவர் அல்லர். இரண்டு கட்சிகளும் கடைசியில் ஒரு பெரிய சண்டை போடுகின்றன. அதில் கிரீஸர்கள் ஜெயித்துவிடுகிறார்கள்! ஜெயித்த சந்தோஷத்தோடு, தீயில் முதுகெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஜானியிடம் ஓடுகிறார்கள். சேதியைக் கேட்கிற நிலையில் ஜானி இல்லை. சண்டையால் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுச் செத்துப் போகிறான். அதைத் தாங்க முடியாத இன்னொரு நண்பன், தோட்டா இல்லாத துப்பாக்கியைப் போலீஸாரிடம் நீட்டி, வேண்டுமென்றே குண்டடிபட்டுச் சாகிறான். மறுநாள் ஊர் அப்படியேதான் இருக்கிறது. ஏழை ஏழையாகவே இருக்கிறான். காரில் போகிறவன் காரிலேயே போகிறான். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஒரு பையன் இதை முன்கூட்டியே உணர்ந்து, சண்டைக்கே வராமல் ஒதுங்கிக்கொள்கிறான். கோழை என்ற பெயரைச் சுமக்கத் துணிந்த அவன்தான் எனக்கு அந்தப் புத்தகத்தில் மிகத் தைரியசாலியாகப் படுகிறான்.

தோற்றவனைக் காட்டி 'சண்டை கெட்டது' என்று சொன்னால், படிக்கிற பையன், 'நான் தோற்க மாட்டேன்' என்று நினைத்துக்கொள்வான். ஜெயித்தவனைக் காட்டிச் சொன்னால் அவனுக்குப் பதில் கிடைக்காது. மூன்று நாவல்களிலும் ஓங்கிய கை தவறிப் போகவில்லை. அடி சரியாகவே விழுந்தது. அதனால்தான் அவை நம்மை அசைக்கின்றன.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை வெறும் இலக்கிய விசாரமாக எழுதிவிட முடியாது. 1997 நவம்பர் கடைசியில் இந்த நகரில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டார்கள். ஒப்பணக்கார வீதியில் கடைகள் நாசமாயின. 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி ஊரெங்கும் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். ஒவ்வொரு தடவையும் கையை ஓங்கியவர்கள், முன்னால் நடந்ததற்குப் பதில் கொடுப்பதாகத்தான் நினைத்துக்கொண்டார்கள். பதில் கொடுத்ததும் கணக்குத் தீர்ந்துவிடும் என்றும் நினைத்துக்கொண்டார்கள். பத்திரிகை செத்தவர்களை எண்ணிச் சொல்கிறது. அது அதன் கடமை. எண்ணிக்கைக்குப் பிறகு வருகிற நாட்களை எண்ணுவது நாவலின் கடமை. திறக்காத கடைக்கு முன் நிற்கிற வேலையாள், ஜெயில் வாசலில் மனுப் போட்டுக் காத்திருக்கிற தாய், பக்கத்து வீட்டாரிடம் பேச்சை நிறுத்திவிட்ட குழந்தைகள் ஆகிய இவர்களெல்லாம் சிதம்பரத்தின் எட்டு நாட்களைச் சேர்ந்தவர்கள்.

நாவல் படித்து எவனாவது அரிவாளைக் கீழே போட்டிருக்கிறானா என்று சிலர் கேட்பார்கள். அரிவாளைத் தூக்கியவன் நாவல் படிக்க உட்காரமாட்டான் என்பது உண்மைதான். ஆனால் அரிவாளைத் தூக்கியவனைவிட, தூக்கச் சொல்லித் தூபம் போடுகிறவர்கள் தொகையில் அதிகம். 'நாகம்மாளி'ல் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் காலத்தில் சினிமாக் கொட்டகையிலும் கையடக்கத் தொலைபேசியிலும் இருக்கிறார்கள். அவர்களில் நாமும் சிலர். நாவல் அவர்கள் கைக்கு நிச்சயம் வரும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பதினான்கு, பதினைந்து வயதில் எதைப் படிக்க வேண்டும் என்று தாய் தந்தையர் யோசிக்கிறார்கள். நீதிக்கதைகளை வாங்கிக் கொடுக்கிறார்கள். பிள்ளைகள் அவற்றைத் தொடுவதில்லை. அவர்களுக்குச் சண்டைக் கதைதான் வேண்டும். கொடுக்கலாம். 'வெக்கை'யைக் கொடுங்கள். முதல் பக்கங்களின் வேகத்தில் உள்ளே போய்விடுவார்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று அப்பனும் மகனும் கஞ்சிக்கு வழி தேடிக்கொண்டு நடக்கும்போது, "இவர்கள் எப்போது வீட்டுக்குப் போவார்கள்?" என்று உங்களிடம் வந்து கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். மேலே படிக்கச் சொல்லுங்கள்.